டெலிட் பண்ண மாட்டேன்

அந்த ரயில்வே ஸ்டேஷன் பெயரைச் சொல்ல மாட்டேன். தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு வீண் பேஜார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டே தவிர பகை கிடையாது. கோபமும் இன்னும் முழுசாகத் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் புஷ்பம். வீடு ராஜகீழ்ப்பாக்கம். தாம்பரத்தில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஐசக், கணக்கு வாத்தியார். ஒரே மகள் சுஜி. அவள் ரயில் ஓட்டுகிறாள். ஆமாம், ரயில்தான். ஸ்கூட்டி இல்லை.

இதைச் சொன்னால் எங்கள் சர்ச்சில் இன்னமும் சிலர் "அப்படியா, டிக்கெட் கொடுக்கிற வேலையா?" என்று கேட்பார்கள். "டிக்கெட் கொடுக்கிறது வேற, இன்ஜின் ஓட்டுறது வேற" என்று நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் அசிஸ்டன்டாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போன மாதம் புரமோஷன் வந்தது. கூட்ஸ் வண்டிக்கு லோகோ பைலட். பயிற்சி எல்லாம் முடித்து, தன் பொறுப்பில் முதல்முறையாக வண்டியை எடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது.

எங்கள் வீட்டில் சுஜியின் படத்துக்குப் பஞ்சமில்லை. ஞானஸ்நானம், சண்டே ஸ்கூல் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷம், காலேஜ் பட்டமளிப்பு, எல்லாம் இருக்கிறது. வேலை பார்க்கிற படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. டியூட்டியில் ஏறினால் செல்போனை அணைத்துவிட வேண்டும். இன்ஜினுக்குள் செல்ஃபி எடுத்தால் வேலைக்கே உலை. அதனால் வெளியே நின்று யாராவது எடுத்தால்தான் உண்டு. யாராவது எதற்கு, நான் இருக்கிறேனே.

"எப்ப வரும் உன் வண்டி?" என்று கேட்டேன்.

"கூட்ஸுக்கு ஏதும்மா டைம்டேபிள்? கன்ட்ரோல் ரூம்ல விட்டா போவோம், நிறுத்தினா நிப்போம். மத்தியானத்துக்கு மேல தெற்க போற கூட்ஸ் எது வந்தாலும் எடு. அதுல ஏதோ ஒண்ணு நான்."

அப்படித்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். என் போனில் ஓடுகிற ரயிலை எடுத்தால் பச்சை நிறத்தில் ஒரு இழுப்பு மட்டும்தான் விழும். அதனால் எங்கள் சர்ச்சில் கல்யாணப் படம் எடுக்கிற ஃபிரெடியிடம் கேமரா கடன் வாங்கினேன். சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸ். "ஆன்ட்டி, இந்த பட்டனை அமுக்கிப் பிடிச்சிட்டே இருங்க, படம் அதுபாட்டுக்கு விழும். வேற எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்" என்றான். டெலிட் பண்ணுவது எப்படி என்றும் சொல்லித்தந்தான். முதலில் நான் அவன் மூக்கையே எடுத்திருந்தேன்.

கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. பிளாட்பாரத்தின் தெற்குக் கடைசிக்குப் போனேன். அங்கேதான் கூட்டம் இருக்காது, மரம் உண்டு, ஒரு சிமென்ட் பெஞ்சும் உண்டு. எனக்குப் பின்னால், பிளாட்பாரம் சரிந்து இறங்குகிற இடத்தைத் தாண்டி ஒரு சிக்னல் கம்பம். வடக்கே இருந்து வருகிற வண்டி நேரே என் முகத்துக்கு வரும். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் எது?

பழகுவதற்காக வந்த வண்டியை எல்லாம் எடுத்தேன். எலெக்ட்ரிக் ட்ரெயின், எக்ஸ்பிரஸ், தெற்கே போன கூட்ஸ் இரண்டு. முதல் கூட்ஸை ஓட்டியவருக்குப் பெரிய மீசை. அவர் சுஜி இல்லை என்று தெரிந்தும் விரலை எடுக்க மறந்துவிட்டேன்.

பெஞ்சின் மறுபக்கம் ஒரு அம்மாள் காலி அன்னக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் வாசம் வந்தது. நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாக்கா, எந்த ரயிலுக்குக் கீற? வர்றத எல்லாம் உட்டுகினே கீறியே?"

சொன்னேன். அவள் பெயர் அங்காளம்மா. கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கடலோரக் குப்பம். காலையில் மீனோடு வந்து, கூடை காலியானதும் ரயில் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் வீடு திரும்புகிறவள்.

"உன் பொண்ணா ஓட்டுது? பொம்பளப் புள்ள ரயில் ஓட்டி நான் பாத்ததே இல்லக்கா. பாத்துட்டே போறேன், இரு. வூட்டுல எனக்கு இன்னா பால் காய்ச்சியா வச்சிகினு கீறாங்க" என்று சொல்லிக் காலை மடக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். அவளும் தன் ரயில்களை விட ஆரம்பித்தாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது தூரத்தில் ஹார்ன் கேட்டது. வெறும் வேகன்களை இழுத்துக்கொண்டு ஒரு கூட்ஸ். கேமராவைக் கண்ணில் வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சுஜி. இழுத்து வாரிய கொண்டை, சட்டைக் காலர், எல்லாம் தெரிந்தது. பட்டனை விடவில்லை. வண்டி கிட்டே வர வர, அவள் கையைத் தூக்கினாள். நான் நிற்கிற பக்கமாக, நேராக நீட்டி, கையைத் தூக்கினாள்.

இன்ஜின் என்னைத் தாண்டிப் போனது. அதன் பிறகு வந்த வேகன்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது, கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"கை காட்டுச்சுக்கா. உன்னப் பாத்துதான் காட்டுச்சு. நான் பாத்தேன்" என்றாள் அங்காளம்மா.

"ஆமாம்ல?" என்றேன்.

வண்டியின் கடைசி வேகன் மறைவதற்குள் காக்கிச் சட்டை போட்ட ஒரு ரயில்வே போலீஸ் பையன் முன்னால் வந்து நின்றான். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. சட்டையில் பிரேம் என்று இருந்தது. "மேடம், கேமராவோட ஆபீஸ் ரூமுக்கு வாங்க. எஸ்.ஐ. கூப்பிடுறாரு."

"எதுக்கு?"

"ரொம்ப நேரமா ரயிலை எல்லாம் படம் எடுத்துட்டு இருக்கீங்கன்னு சிசிடிவி கேமராவுல பாத்தோம். வாங்க மேடம், ரெண்டு நிமிஷம்தான்."

இரண்டு நிமிஷம் என்று சொல்லி எத்தனை பேரை நானே கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறேன். அதனால் அந்த வார்த்தையை நம்பவில்லை. எழுந்து நடந்தேன். திரும்பிப் பார்த்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்காளம்மாவும் வருகிறாள்.

"நீங்க எதுக்கு?" என்றான் பிரேம்.

"தனியா ஒரு பொம்பளய இட்டுகினு போற. நான் வருவேன்" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுசாமிக்கு என் வயதுதான் இருக்கும். மேஜைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போனதும் அறை முழுக்க மீன் வாசம். அவர் மூக்கைச் சுளித்தார். எனக்கு நாற்காலி காட்டினார். அங்காளம்மா தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

என் ஆபீஸ் கார்டை வாங்கிப் பார்த்தார். கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ரயில், ரயில், மீசைக்காரர், சிக்னல், தண்டவாளம். அதற்கும் முன்னால் போய்விட்டார் போல. "இது என்ன, கேக் வெட்டுறாங்க?"

"அது கேமரா ஓனர் எடுத்த நிச்சயதார்த்தம் சார். அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "அம்மா, நாங்க சும்மா கூப்பிடல. இந்த வாரம் லைனுக்கு ஒரு குண்டு மிரட்டல் போன் வந்திருக்கு. புரளியாத்தான் இருக்கும். ஆனா உஷாரா இருங்கன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. நீங்க மணிக்கணக்கா உக்காந்து எந்த வண்டியிலயும் ஏறாம, வர்ற வண்டி எல்லாத்தையும் இவ்ளோ பெரிய லென்ஸ் வச்சு எடுக்கறீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்தம்மா அங்கயே உக்காந்திருந்தாங்களே, நீ என்னய்யா பண்ணிட்டு இருந்தேன்னு என்னத்தான் கேப்பாங்க."

நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். அதனால் பொறுமையாகச் சொன்னேன். மகள், புரமோஷன், முதல் வண்டி, படம். சொல்லச் சொல்ல எனக்கே பெருமை தாங்கவில்லை.

"அந்த கூட்ஸை ஓட்டினதே உங்க பொண்ணுன்னு நான் எப்படி நம்புறது?" என்றார்.

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் சார், என்னைப் பார்த்துக் கை காட்டினாளே. முன்பின் தெரியாதவளுக்கு யாராவது கை காட்டுவாங்களா?"

"ஆமா சார், நானும் பாத்தேன். நல்லா நீட்டிக் காட்டுச்சு" என்று அங்காளம்மாவும் தரையிலிருந்து சாட்சி சொன்னாள். நல்லது செய்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

பொன்னுசாமி கேமராவைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது கை காட்டினாங்களா? டியூட்டியில இருக்கிற டிரைவர், பிளாட்பாரத்துல நிக்கிற அம்மாவுக்கு? பேர் என்ன சொன்னீங்க, சுஜியா? பிரேம், கன்ட்ரோலுக்குப் போன் போட்டு அந்த கூட்ஸ்ல யார் வர்றாங்கன்னு கேளு."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "சார், எதுக்கு?"

"எதுக்கா? சிக்னலைப் பார்க்க வேண்டிய கண்ணு உங்களைப் பார்த்திருக்கு. இது ரிப்போர்ட் பண்ண வேண்டிய விஷயம்மா. நீங்களே சொல்றீங்க, சாட்சியும் இருக்கு."

சுஜி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். புதிதாக வந்தவர்களைக் கொஞ்ச நாள் மேலதிகாரிகள் கழுகுக் கண்ணோடு பார்ப்பார்களாம். சின்னப் புகார் வந்தாலும் வண்டியிலிருந்து இறக்கி, மறுபடி பயிற்சி, விசாரணை என்று இழுப்பார்களாம். அதிலும் ஒரு பெண் என்றால் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல ஆட்கள் காத்திருப்பார்கள். அவளுடைய முதல் வண்டியிலேயே புகார். கொடுத்தது யார்? அவளைப் பெற்றவள். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

பிரேம் போனை எடுத்தான். பொன்னுசாமி கையைக் காட்டி நிறுத்தினார். குரல் தணிந்தது.

"பாருங்கம்மா, எனக்கும் பொண்ணு இருக்கா. உங்க பொண்ணு வேலைக்கு வேட்டு வைக்கணும்னு எனக்கு ஆசையா? ஒண்ணு பண்ணுங்க. இந்த ரயில் படம் அத்தனையும் இப்பவே டெலிட் பண்ணிடுங்க. இனிமே எடுக்க மாட்டேன், தெரியாம பண்ணிட்டேன், மன்னிக்கவும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நானும் கை காட்டினதை மறந்துடறேன். முடிஞ்சுது."

வெளியே வந்து ஐசக்குக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே மூச்சில் சொன்னார். "டெலிட் பண்ணிடு புஷ்பம். எழுதியும் குடுத்துடு. ஒரு சாரிதானே, குடியா முழுகிடும்? போலீஸ்கிட்ட எல்லாம் வாதம் பண்ணாத. பிள்ளை வேலைல கை வச்சிடுவாங்க."

அவர் அப்படித்தான். பால் பாக்கெட் கிழிந்து வந்தால்கூட, கேட்கப் போய் பால்காரரிடம் சாரி சொல்லிவிட்டு வருகிறவர். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. சுஜியின் வேலையா, படமா என்றால் எந்த அம்மா யோசிப்பாள்?

உள்ளே வந்து கேமராவைக் கையில் எடுத்தேன். ஃபிரெடி சொல்லித்தந்த மாதிரி ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். எலெக்ட்ரிக் ட்ரெயின் போனது. எக்ஸ்பிரஸ் போனது. மீசைக்காரர் போனார். பிறகு சுஜி வந்தாள். விரல் நகரவில்லை.

"சார், ஒரே ஒரு தடவை பெருசாக்கிப் பார்த்துட்டு அழிச்சிடறேன்" என்றேன்.

"பாருங்க, பாருங்க" என்றார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

பெரிதாக்கினேன். சுஜியின் முகம். தூக்கிய கை. கண்ணாடியின் மறுபாதியில் அசிஸ்டன்ட், மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். அவனை நான் பார்த்ததே இல்லை, அவனும் என்னைப் பார்த்ததில்லை. அவன் கையும் தூக்கியிருந்தது.

அதே பக்கம். அதே நீட்டல். இரண்டு பேர் வாயும் எதையோ சொல்கிற மாதிரி திறந்திருந்தது.

அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று தள்ளினேன். இன்ஜின் கிட்டே வருகிறது. இரண்டு கைகளும் அப்படியே நீட்டியபடி. இரண்டு ஜோடிக் கண்களும் என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் எங்கேயோ. கடைசிப் படத்தில் சுஜி என்னை ஒட்டிப் போகிறாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். அப்போதும் பக்கவாட்டில் அவள் முகம்தான் தெரிகிறது. கண் நேரே லைன்மேல்.

எனக்குப் புரிந்துவிட்டது. ரயிலில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சிக்னல் கண்ணில் படும்போதும் டிரைவரும் அசிஸ்டன்டும் அதை நோக்கிக் கையை நீட்டி, என்ன நிறம் என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் ஏமாந்தாலும் மற்றவர் பிடித்துக்கொள்வார். சுஜிக்கு இது எவ்வளவு ஊறிவிட்டது என்றால், என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போது ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் தோளுக்கு மேலே கை நீட்டி "ரெட்" என்பாள். பக்கத்து பைக்கில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

நான் நின்றது சிக்னல் கம்பத்துக்கு முன்னால். அவள் கை நீட்டியது கம்பத்துக்கு. எனக்கு இல்லை.

என் சந்தோஷம் பொய். நான் அழுதது எதற்கு? அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் நின்றதே அவளுக்குத் தெரியாது. படத்தை மறுபடி பார்த்தேன். அந்த வருத்தத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. இந்தப் படத்தையா அழிக்கச் சொன்னார்கள்? நானும் அழிக்கப் போனேனே.

"சார்" என்றேன். "நான் டெலிட் பண்ண மாட்டேன்."

"என்னம்மா, பேசி முடிச்சாச்சே?"

"முடியல. என் பொண்ணு எனக்குக் கை காட்டல. நான்தான் தப்பா சொன்னேன்."

சற்று முன்னால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்ன பெருமையை நானே என் வாயால் திரும்ப விழுங்கினேன். அது எளிதாக இருக்கவில்லை.

பொன்னுசாமி நாற்காலியில் சாய்ந்தார். "இப்ப மாத்திச் சொல்றீங்க."

"மாத்தல. பாருங்க." கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். "இந்தப் பையன் என்னைப் பார்த்ததே இல்ல. இவன் எதுக்கு சார் எனக்குக் கை காட்டறான்? ரெண்டு பேரும் எனக்குப் பின்னாடி இருக்கிற சிக்னலைக் காட்டறாங்க. பச்சைன்னு சொல்றாங்க. வாயைப் பாருங்க. கண்ணைப் பாருங்க. இதோ, என் பக்கத்துல போறா. திரும்பினாளா?"

அவர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிரேம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆமா சார், சிக்னல்தான்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பின்வாங்கினான்.

"எனுக்கும் அப்பவே டவுட்டு" என்றாள் அங்காளம்மா. அவளுக்கு ஒரு டவுட்டும் இருந்ததில்லை.

"இப்ப கன்ட்ரோலுக்குப் போன் பண்ணுங்க சார்" என்றேன். "ரிப்போர்ட் அனுப்புங்க. இந்தப் படத்தையும் கூடவே அனுப்புங்க. முதல் நாள், பெத்தவ பக்கத்துல நிக்கிறா, அப்பவும் சிக்னலை விட்டுக் கண்ணை எடுக்காம வேலை பார்த்திருக்கா. அவ ஆபீசர்ங்க பார்க்கட்டும். நீங்க அனுப்பலைன்னா நானே அனுப்பறேன்."

பொன்னுசாமி ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "சரிம்மா. அதை விட்டுடலாம். அது என் டிபார்ட்மென்டும் இல்ல. ஆனா படம் எடுத்தது எடுத்ததுதானே? செக்யூரிட்டின்னு ஒண்ணு இருக்கில்ல. அதை அழிச்சிட்டு..."

"நீங்க கூப்பிட்டுக் கேட்டீங்க, அது உங்க டியூட்டி. நான் தப்பு சொல்லல. நான் யாரு, எங்க வேலை பார்க்கறேன், எதுக்கு வந்தேன், எல்லாம் சொல்லிட்டேன். என் கார்டு உங்க கையில இருக்கு. கேட்டதுக்கு பதில் கிடைச்சாச்சு. அப்புறம் அழிக்கச் சொல்றது எதுக்கு? குண்டு வைக்கிறவன் சுரைக்காய் மாதிரி லென்ஸை வச்சுக்கிட்டு உங்க கேமரா எதிர்லயே மத்தியானம் பூரா உக்காந்திருப்பானா? அங்க பிளாட்பாரத்துல காலேஜ் பசங்க ரீல்ஸ் எடுத்துட்டு இருக்காங்க, போய்ப் பாருங்க. அதுல தெரியாத சிக்னலா இதுல தெரிஞ்சிடுச்சு? எந்தச் சட்டத்துல அழிக்கச் சொல்லியிருக்குன்னு காட்டுங்க, நான் அழிக்கறேன். இல்லைன்னா கேஸ் போடுங்க. கோர்ட்டுக்கு வர்றேன். இந்தப் படத்தோட வர்றேன்."

என் குரல் வெளியே டிக்கெட் கவுண்டர் வரை கேட்டிருக்க வேண்டும், வாசலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகியவளுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது நன்றாகவே இருந்தது.

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "சரி, டெலிட் வேணாம். நடந்ததை எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மேலேருந்து கேட்டா காட்ட எனக்கு ஒண்ணு வேணும்."

அது நியாயம். எழுதினேன். பெயர், விலாசம், போன் நம்பர், எந்த இடத்தில் உட்கார்ந்தேன், என்ன எடுத்தேன், எதற்காக எடுத்தேன். மகள் லோகோ பைலட் என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

வாசித்துவிட்டுப் பேனாவால் அடியில் தட்டினார். "இங்க, கடைசியில, மன்னிக்கவும்னு ஒரு வார்த்தை. வழக்கமா எழுதறதுதான்."

"எதுக்கு மன்னிப்பு சார்?"

"ஒரு வார்த்தைதானேம்மா. இதுக்கு இவ்ளோ நேரம்."

"ஒரு வார்த்தைதான். அதை எழுத மாட்டேன். தப்பு பண்ணலைன்னு இப்பதான் நாம மூணு பேரும் பார்த்தோம். நான் மன்னிப்பு எழுதிக் குடுத்தா, நாளைக்கு இந்தப் பேப்பரை எடுத்துப் பார்க்கிறவன், டிரைவரோட அம்மா ஏதோ தப்பு பண்ணியிருக்கான்னுதான் சொல்லுவான். அப்படியே அது என் பொண்ணு பேர்ல ஒட்டிக்கும். எழுத மாட்டேன்."

அங்காளம்மா சுவரில் சாய்ந்தபடியே, "எழுதாதக்கா" என்றாள்.

பொன்னுசாமி தாளை மடித்து டிராயருக்குள் போட்டார். கார்டைத் திருப்பித் தந்தார். "போங்கம்மா. இனிமே வந்தா, முன்னாடியே இங்க வந்து சொல்லிட்டுப் போங்க."

"சொல்லிட்டு வர்றேன் சார்" என்றேன். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. அவரும் அதைக் கவனித்தார்.

பிளாட்பாரத்தில் அங்காளம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நான் ஒண்ணு கேக்கவா? உன் பொண்ணு உன்னப் பாக்கலன்னு உனுக்கு வருத்தமா?" என்றாள்.

"இருக்கு" என்றேன். ஏன் மறைக்க வேண்டும்?

"எம் புருசன் கடலுக்குப் போசொல்ல கரையில நின்னு பாத்துகினு இருப்பேன். ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. அலய உட்டுட்டு என்னப் பாத்தா போட்டு கவுந்துடும்பான். வுடு." சொல்லிவிட்டு வந்த ரயிலில் கூடையோடு ஏறிப் போய்விட்டாள்.

நான் வீடு திரும்பியபோது ஐசக் வாசலிலேயே நின்றிருந்தார். "எழுதிக் குடுத்துட்டேல்ல? படத்தை அழிச்சிட்டேல்ல?" என்றார். கேமராவை அவர் கையில் வைத்தேன். பெரிதாக்கிக் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மனிதர் சோபாவில் உட்கார்ந்து, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் கையும் தூக்கியிருக்கான் பாரு" என்று எனக்கே காட்டினார்.

விழுப்புரத்தில் டியூட்டி முடித்து இறங்கியதும் சுஜி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, வந்தியா நீ? எங்க நின்ன?"

"பிளாட்பாரம் கடைசியில. சிக்னல் கம்பத்துக்கிட்ட."

அவள் குரல் இறங்கியது. "அய்யோ. அவ்ளோ கிட்டயா? நான் பாக்கவே இல்லம்மா. மத்தியானம் பூரா உக்காந்திருப்ப, பாவம். ஒரு தலையாவது ஆட்டியிருக்கலாம். சாரிம்மா, நான்..."

"சாரி சொல்லாத" என்றேன்.

"இல்லம்மா, நிஜமாவே..."

"சொல்லாதடி. வேலை பார்த்ததுக்கு யார்கிட்டயும் சாரி சொல்லாத. என்கிட்டகூட."